படத்தை முடிப்பது எப்படி?

சினிமாவை வியாபாரிகளிடமிருந்து மீட்கவென்றே அவதரித்த நிறுவனங்களில், நம் இயக்குநருடையதைப் போல மும்முரமாக வியாபாரம் செய்தது வேறொன்று இருந்திருக்க முடியாது. அதன் ஒரே படத்துக்கு எடிட்டராகும் பாக்கியம் பெற்றவள் மூன்று வருடங்களாக எடிட்டிங் அறையிலேயே கிடந்தாள். படம் ஏறக்குறைய தயார். கதாநாயகி கதவைத் திறக்கும் ஒரேயொரு ஷாட்தான் பாக்கி.

அதை எடுக்கத்தான் நிறுவனத்துக்கு நேரமில்லை. முதலில் படத்தின் பெயர் போட்ட பனியன் வந்தது. அப்புறம் கோப்பை. அப்புறம் 'மௌனம்' என்றொரு வாசனைத் திரவியம். சரக்குப் பெட்டிகள் எடிட்டிங் அறைக்குள்ளும் புகுந்தன. அவள் நாற்காலியைச் சுவரோரம் தள்ளிப் போட்டுக்கொண்டு, பெட்டிகளுக்கு நடுவே எட்டிப் பார்த்துக் காட்சிகளைக் கோத்தாள்.

திங்கட்கிழமை 'தொலைநோக்குக் கூட்ட'த்தில் வாயைத் திறந்தாள்.

"சார், ஒரு கதவு, ஒரு கை. அரை நாள் போதும்."

இயக்குநர் கண்களை மூடிக்கொண்டார். "அவசரப்படாதேம்மா. முடிஞ்ச படத்துக்கு விமர்சனம் வரும். முடியாத படத்துக்கு மரியாதை மட்டும்தான் வரும்."

விற்பனை மேலாளர் அதைக் குறித்துக்கொண்டார். அந்த வாரமே அது பனியனில் வந்துவிட்டது.

அடுத்த மாதம் நிறுவனம் தன் மகத்தான முயற்சியை அறிவித்தது: 'படத்தை முடிப்பது எப்படி?', ஆறு வார வகுப்பு. நாற்பது பேர் சேர்ந்தார்கள்.

வகுப்பு தொடங்கிய அன்று காலை எடிட்டர் கம்ப்யூட்டரைத் திறந்தாள். படம் இருந்த இடத்தில் பாடம் இருந்தது. எழுத்தில் ஒரு கால் கூடியிருந்தது, மற்றதெல்லாம் போயிருந்தது.

"சார், படம் எங்கே?"

"நேத்து அழிச்சுட்டேம்மா. பாடத்தைப் பதிவு பண்ண இடம் பத்தலை."

"இன்னொரு பிரதி இருந்ததே?"

"அதுலதான் ரெண்டாம் பாடம். கவலைப்படாதே, போஸ்டர் பத்திரமா இருக்கு."

அவளுக்கு அழுகைகூட வரவில்லை. கதாநாயகி எந்த இடத்தில் மூச்சை இழுத்துப் பிடிப்பாள் என்பதுவரை அவளுக்கு மனப்பாடம். அது இனி அவள் தலைக்குள் மட்டும்தான் ஓடும். நேராக வகுப்புக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

இயக்குநர் பொறுமையின் மேன்மையைப் பற்றி ஒரு மணி நேரம் உருகினார். முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"சார், இதுவரைக்கும் நீங்க எந்தப் படத்தை முடிச்சிருக்கீங்க?"

எடிட்டர் எழுந்தாள்.

"நான் சொல்றேங்க. என் மூணு வருஷப் படம். நேத்துதான் ஒரே பட்டன்ல முடிச்சுக்கட்டினார். சுத்தமான வேலை. பிணம்கூடக் கிடைக்கலை."