முன்கூட்டியே சொன்ன சாட்சி

போடிநாயக்கனூர்,
வியாழக்கிழமை.

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான மதினிக்கு,

உங்கள் தம்பி மனைவி சுஜாதா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மகள் கெசியாவும் சுகம். அங்கே நீங்களும் அண்ணனும் சுகமா என்று கேட்பது முறை, ஆகவே கேட்கிறேன். மற்றபடி தினமும் சாயங்காலம் வீடியோ ஜெபத்தில் உங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்; பல் வீக்கம் வற்றி முகம் பழையபடி ஆகிவிட்டது, சந்தோஷம். போனில் சொல்ல வேண்டியதை எதற்குக் கடிதமாக எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நீங்கள் அதை ஜெபமாக முடித்துவிடுகிறீர்கள். நானும் கண்ணை மூடி ஆமென் சொல்லிவிட்டு, என்ன சொல்ல வந்தேன் என்பதை மறந்துவிடுகிறேன். கடிதத்தில் அந்த ஆபத்து இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த ஞாயிறு பேராயர் வருகிறார், நம் கெசியா அவர் முன்னால் விசுவாசத்தை அறிக்கையிட்டுத் திடப்படுத்தல் எடுப்பாள் என்று நீங்கள் திண்டுக்கல்லில் வெள்ளைப் பட்டுச் சேலை எடுத்துவிட்டீர்கள். இங்கே கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தையும் பேசிவிட்டீர்கள். சிலமலைக்காரரிடம் ஆட்டுக்கும் சொல்லிவிட்டதாக அந்த ஆட்டுக்காரரே என்னிடம் சொன்னார். மதினி, எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். கெசியா திடப்படுத்தல் எடுக்கவில்லை. பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தாயிற்று. பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

இது இப்போது தொடங்கியதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால், உங்கள் தம்பி மதுரையில் கல்லீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தொடங்கியது. உங்களுக்கு நினைவிருக்கும். கேட்டுவிட்டுக் காத்திருப்பது அரை விசுவாசம், கிடைத்துவிட்டது என்று முதலிலேயே ஸ்தோத்திரம் சொல்வதுதான் முழு விசுவாசம் என்றீர்கள். அதையும் பெரியவர்கள் சொல்வதைவிடக் கள்ளமில்லாத பிள்ளை வாயால் சபை நடுவில் சொன்னால் பரலோகம் தாமதிக்காது என்றீர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் போனிலேயே வாசகத்தைச் சொல்லிக்கொடுத்தீர்கள். அவள், “அப்பாவுக்குச் சுகமாயிட்டு வருது” என்று சொல்லிப் பார்த்தாள். நீங்கள் திருத்தினீர்கள். வருது இல்லை, ஆயிருச்சு. நான் அவளுக்குத் தலைவாரி, பூ வைக்காமல் ரிப்பன் கட்டி அனுப்பினேன். அவள் ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரத்தில் எழுந்து நின்று, எங்க அப்பா அருள்பாண்டி பூரண சுகமாயிட்டாங்க, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்று கணீரென்று சொன்னாள். சபை கைதட்டியது. சபைச் செயலர் சீனிச்சாமி அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்துக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை ஆம்புலன்சில் உங்கள் தம்பியைக் கொண்டுவந்தோம்.

அடக்கத்துக்கு அதே சபைதான் வந்தது. அதே ஆட்கள்தான் பெஞ்சைத் தூக்கிப் போட்டார்கள், டீ ஊற்றினார்கள். தேவ சித்தம் என்றார்கள், நல்ல மனுசன் என்றார்கள், எஸ்டேட்டில் இப்படி ஒரு சூப்பர்வைசர் இனி வரமாட்டான் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளை சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. சாப்பாட்டில் கிடந்த முடியை விருந்தாளி பார்க்காததுபோல் ஒதுக்கி வைப்பாரே, அப்படி ஒதுக்கி வைத்தோம். அவளும் ஒன்றும் கேட்கவில்லை, அழுது முடித்துவிட்டாள் என்று நினைத்தேன். யாராவது ஒரு பெரிய ஆள் வந்து அதைப் பற்றிப் பேசுவார்கள் என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு நம் வீட்டுக்கு வந்த வியாதியை என்னவென்று சொல்வேன். பிள்ளைக்கு உண்மை பேசும் வியாதி. கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவளுக்குத் தேவதூதன் வேஷம் கொடுத்தார்கள். மேய்ப்பர்களைப் பார்த்துப் பயப்படவேண்டாம் என்று சொல்லவேண்டியது மட்டும்தான் வேலை. இவள் ஜிகினாச் சிறகோடு நின்று, “பயமா இருந்தா பயந்துக்கங்க, ஆனா ஓடிராதீங்க” என்றாள். மேய்ப்பனாக நின்ற பையன்களில் ஒருவன், சரிக்கா என்று சொல்லிவிட்டான். ஞாயிறு பள்ளிப் பரீட்சையில் ஆண்டவர் ஜெபத்தைக் கேட்கிறாரா என்ற கேள்விக்கு, எங்கள் வீட்டில் ஒருமுறை கேட்கவில்லை, மற்ற வீடுகளைப் பற்றி எனக்குத் தெரியாது என்று எழுதி வைத்திருந்தாள். டீச்சர் எனக்குப் போன் செய்து, கணக்கு டீச்சர் நீங்களே சொல்லுங்கள், இதற்கு எத்தனை மார்க் போடுவது என்று அழாத குறையாகக் கேட்டார். உங்கள் வீடியோ ஜெபத்தில் நடந்ததையும் நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். எல்லோரும் கண்ணை மூடியிருக்க இவள் மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, அத்தை, மாமா உங்களுக்குப் பின்னால் சத்தத்தைக் குறைத்து வைத்துச் சீரியல் பார்க்கிறார் என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு அண்ணனுக்கு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை.

நீங்கள்தான் யோசனை சொன்னீர்கள், வாலிபர் முகாமுக்கு அனுப்பு, மாறிவிடுவாள் என்று. குரங்கணிக்குக் கீழே ஒரு காப்பித் தோட்டத்தில் முகாம். கடைசி நாள் சாயங்காலம் ஆளுக்கொரு குச்சியைக் கையில் கொடுத்து, இதுதான் உன் பாவம், இதை நெருப்பில் போட்டுவிட்டு உன்னை ஒப்புக்கொடு என்று வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் சொல்லியிருக்கிறார். அன்று பகல் பூராவும் மழை. இவள், “ஐயா, நனைஞ்ச குச்சி எரியாது, பொகையும்” என்று சொல்லியிருக்கிறாள். கலகக்காரி என்று இவளை ஓரமாக உட்காரவைத்துவிட்டார்கள்; மற்ற பிள்ளைகள் எல்லோரும் குச்சியைப் போட்டிருக்கிறார்கள். புகைந்தது. பிரசங்கியாருக்கு இருமல் நிற்கவில்லை, பிள்ளைகளுக்குக் கண்ணிலும் மூக்கிலும் ஒழுகியிருக்கிறது. பிள்ளைகள் அனைவரும் மனம் திரும்பிக் கண்ணீர் விட்டார்கள் என்று முகாம் செய்தியில் போட்டோவோடு போட்டார்கள். கெசியா சபை வாட்ஸ்அப் குரூப்பில் அதற்குக் கீழே, அது புகை என்று ஒரே வரி எழுதினாள். திரும்பி வரும்போது ஜீப்பில் மற்ற பிள்ளைகளோடு உட்காரவிடாமல் டிரைவர் பக்கத்தில் தனியாக உட்காரவைத்துக் கொண்டுவந்து இறக்கினார்கள், தொற்றிக்கொள்ளும் என்று பயந்ததுபோல.

திடப்படுத்தல் வகுப்பு தொடங்கியதும் ஆயர் விஜயகுமார் வீட்டுக்கு வந்தார். போன வருஷம் மாற்றலாகி வந்தவர், சின்ன வயசு, நல்ல மனுஷன், கையில் கலர் கலராக ஒரு சார்ட். பாவம், அதை விரிக்க விடவில்லை இவள். அன்றைக்கு நான் சொன்னது சாட்சியா, பொய்யா என்று கேட்டாள். அவர் தன் டீயைக் குடித்தார். எனக்கு வைத்திருந்த டீயையும் எடுத்துக் குடித்தார். பிறகு, அப்போது நான் இந்த ஊரில் இல்லையேம்மா என்றார். பரவாயில்லை, இப்போது இருக்கிறீர்களே என்றாள். நான் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டினேன். அங்கிருந்தே கேட்டது அவள் சொன்னது:

“சபைக்கு முன்னாடி நின்னு நடக்காததைச் சொன்னேன். சொல்லச் சொன்னாங்க, சொன்னேன். அதைத் திருப்பி எடுத்துக்கணும். எடுக்காம பேராயர் முன்னாடி போயி, விசுவாசிக்கிறேன்னு இன்னொன்னு சொல்லமாட்டேன்.”

ஆயர் இதைச் சபைக் கமிட்டியில் வைத்தார். வைத்திருக்க வேண்டாம். சீனிச்சாமி அண்ணன் ஏலக்காய் வியாபாரி அல்லவா, உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் அவருக்கு ஏல மையத்துச் சட்டம்தான். என்னைக் கூப்பிட்டு விட்டு, ஆலய வாசலில் நிறுத்தி வைத்துச் சொன்னார்: “ஏத்தா, ஏலத்துல பட்டனை அமுக்கி வெலையச் சொல்லிப்புட்டு, இல்ல, சின்னப்பிள்ள கை பட்டுருச்சுன்னா விடுவாய்ங்களா? சாட்சிக்கு வாபஸ் கெடையாதும்மா. ஒண்ணை வாபஸ் வாங்க விட்டா அம்புட்டும் கழண்டு வந்துரும்.” அவர் கோபமாகச் சொல்லவில்லை மதினி. பயந்துபோய்ச் சொன்னார். எதற்குப் பயப்படுகிறார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

நான் அன்று முழுவதும் யோசித்தேன். பிள்ளை விசுவாசத்தை விட்டுவிட்டாள் என்று நாம் இவ்வளவு நாளாக உபவாசம் இருக்கிறோம். ஆனால் சபையில் சொல்லும் ஒரு சொல் ஆண்டவர் காதில் விழுகிறது என்று நிஜமாகவே நம்புகிறவள்தானே அதைத் திருப்பி எடுக்கவேண்டும் என்று தவிப்பாள்? நாமெல்லாம் எத்தனையோ சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து கறிக்குழம்பு வைத்திருக்கிறோம். இதை ஆயரிடம் சொன்னேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, சாட்சி நேரத்தில் யார் வேண்டுமானாலும் எழும்பலாம், யார் என்ன சொல்லப்போகிறார்கள் என்று எனக்கு முன்கூட்டியே எப்படித் தெரியும் என்றார்.

போன ஞாயிறு கெசியா எழுந்தாள். மூன்று வருஷத்துக்கு முந்தி நான் இங்கே ஒரு சாட்சி சொன்னேன், அது நடக்கவில்லை, எங்க அப்பா செத்துப்போனாங்க, அதனால் அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றாள். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள். சீனிச்சாமி அண்ணன் கீபோர்டு வாசிக்கும் பையனைப் பார்த்து, பாட்டை எடு, வெரசா எடு என்று கையைக் காட்டினார். அவன் கட்டையில் கை வைக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. பையன் சத்தமே வராத கீபோர்டைக் கொஞ்ச நேரம் வாசித்துக்கொண்டிருந்தான். நான் சிரித்துவிடுவேனோ என்று பயந்து முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில் பெண்கள் பக்கம் முன்வரிசையில் சூர்யகலா அக்கா எழுந்தார். சீனிச்சாமி அண்ணன் சம்சாரம்தான். எனக்கு இருந்த சிரிப்பு போய்விட்டது.

“நாங்களும் சொன்னோம். கர்ப்பத்தின் கனி குடுத்துட்டாருன்னு வருசா வருசம் இங்கன நின்னு ஸ்தோத்திரம் சொன்னோம். இவரு சொல்லச் சொன்னாரு, சொன்னேன். தொட்டில்கூட வாங்கி வச்சோம். குடுக்கல. இனிமே எனக்கு இல்லைன்னு டாக்டரம்மாவும் சொல்லிட்டாக. நானும் திருப்பி எடுத்துக்கிறேன்.”

சீனிச்சாமி அண்ணன் நின்றுகொண்டிருந்தவர் உட்கார்ந்தார். பக்கத்தில் கிடந்த பாட்டுப் புத்தகங்களை எடுத்து ஓரம் சரிபார்த்து அடுக்கினார். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினார். ஆயர் அன்றைக்குப் பிரசங்கம் செய்யவில்லை. ஆசீர்வாதம் மட்டும் கூறி அனுப்பிவிட்டார். வெளியே யாரும் டீ குடிக்க நிற்கவில்லை. சீனிச்சாமி அண்ணன் மட்டும் கெசியாவிடம் வந்து, இப்பத் திருப்தியாத்தா என்று கேட்டார். இல்ல மாமா என்றாள். அவருக்கும் அது தெரிந்துதான் இருந்தது. ஸ்கூட்டரை எடுக்காமல் அக்காவோடு நடந்தே போனார்.

சரி, பாரம் இறங்கிவிட்டது, இனி சேலையைக் கட்டிக்கொள்வாள் என்றுதான் நானும் நினைத்தேன். கேட்டேன். “அம்மா, வாபஸ் வாங்குனதால விசுவாசம் வந்துருச்சுன்னு நான் எப்பச் சொன்னேன்? மைனஸ்ல இருந்தது இப்பத்தான் சைபர்ல வந்து நிக்குது” என்றாள். கணக்கு டீச்சர் பெண்ணிடம் இதற்குமேல் என்ன பேசுவது. நானே போய்ப் பெயரை எடுக்கச் சொன்னேன். ஆயர், இந்த வருஷம் இல்லாவிட்டால் என்ன, என்றைக்காவது எடுக்கட்டும் என்றார். என்றைக்கும் இல்லாமலும் போகலாம் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆகவே நீங்கள் வரவேண்டாம். மண்டபத்துக்குச் சொல்லிவிடுங்கள். வாலிபப் பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்ப்பது எப்படி என்று நீங்கள் தினமும் அனுப்பும் வீடியோக்களையும் கொஞ்ச நாளைக்கு அனுப்பவேண்டாம். இனி சாயங்கால ஜெபத்தில் கெசியா திரையில் வரமாட்டாள். அவளிடம் ஜெபம் என்ற பேச்சையே எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். இது கோபமில்லை மதினி. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அண்ணனுக்கு என் வணக்கம். கர்த்தருடைய சமாதானம் உங்கள் வீட்டில் தங்கியிருக்கட்டும்.

அன்புடன்,
சுஜாதா.

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் கெசியா வந்து, அத்தைக்கு என்ன இவ்வளவு நீளமா எழுதுறீங்க என்று கேட்டாள். மறைக்க மனமில்லாமல் முழுக்க வாசித்துக் காட்டினேன். முகாமில் இருமியது பிரசங்கியார் மட்டுமில்லை, சமையல்காரரும் என்று திருத்தினாள். வரவேண்டாம் என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். “அத்தை வரட்டும். அவங்க தம்பி செத்ததுக்கு அவங்க இன்னும் அழவே இல்லம்மா. ஸ்தோத்திரம் சொல்லிக்கிட்டேதான் இருக்காங்க” என்றாள். பிறகு, நான் கேட்காமலே, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே, ஆண்டவரே, எங்க அத்தைக்கு அழுகை வரணும், அவங்க அழும்போது நான் பக்கத்துல இருக்கணும் என்றாள். மூன்று வருஷத்தில் அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் ஜெபம். இது முறையான ஜெபமா என்று எனக்குத் தெரியாது, ஆயரிடமும் கேட்கப்போவதில்லை. நான் மேலே எழுதியது எதையும் பொருட்படுத்தாமல் அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறிவிடுங்கள். சேலை வேண்டாம், ஆடு வேண்டாம், நீங்கள் மட்டும் வாருங்கள். அவள் ஆமென் சொன்னாளா என்றுதான் முதலில் கேட்பீர்கள். நான்தான் சொன்னேன். அவள், நடந்த பிறகு சொல்லிக்கொள்கிறேன் என்றாள்.