விரைவூரில் பிழையே இல்லை

மேனிநாடு என்று ஒரு நாடு. வெகு தூரத்தில் இல்லை. நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு மிக அருகில்தான் இருக்கிறது. அங்கே ஆயிரக்கணக்கான ஊர்கள், எல்லாவற்றுக்கும் ஒரே ஆறு. ஊருக்கு ஒரு சட்டப் புத்தகம். ஆற்றுத் தண்ணீரை ஊருக்குள் இழுக்கும் மதகை எப்போது திறப்பது, எப்போது மூடுவது, ஊர் எவ்வளவு பெருகலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும், எல்லாம் அதில் எழுதியிருந்தது. வெயில், புகை, எலி இவற்றின் தயவால் தினமும் ஏதாவது ஒரு பக்கம் அழியும் என்பது அந்த நாட்டு முன்னோருக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு புத்தகத்தையும் இரட்டையாக எழுதி, முகத்தோடு முகம் சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்கள். ஒன்றில் அழிந்ததை மற்றதைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.

புது ஊர் ஒன்று உண்டாக்க வேண்டுமானால் இந்தக் கட்டை அவிழ்த்துப் படி எடுக்க வேண்டும். எழுத்தர் எழுதிக்கொண்டே போவார். அழிந்த இடம் வந்தால் கையைத் தூக்குவார். மணிக்காரர் மணி அடிப்பார். உடனே கூடத்தில் இருக்கும் அத்தனை எழுத்தரும் பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும். ஒப்பாளர் வந்து இரட்டைப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்துத் திருத்துவார். கிழிந்திருந்தால் பசைக்காரி வந்து ஒட்டுவாள். பிறகுதான் எழுத்து தொடரும். திருத்தவே முடியாதபடி புத்தகம் பாழாகிவிட்டால், அந்த ஊர் யாருக்கும் தொந்தரவு தராமல் தன்னைத் தானே கலைத்துக்கொள்ள வேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது. இவ்வளவு மானமுள்ள விதியை எந்தத் தலைவர் சகிப்பார்?

விரைவூர்த் தலைவர் பெருக்கநாதர் சகிக்கவில்லை. தேர்தலில் அவர் சொன்னது ஒன்றே ஒன்று. "பக்கத்து ஊர் வருடத்துக்கு ஓர் ஊரைப் பெறுகிறது. நாம் நாளுக்கு ஒன்று பெறுவோம்!" எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வாயெடுத்த ஒன்றிரண்டு பேரும், மற்றவர்கள் கை தட்டுவதைப் பார்த்துத் தாங்களும் தட்டிவிட்டார்கள்.

பதவியேற்ற மறுநாளே மணிக்காரர் சடையாண்டிக்கு அழைப்பு வந்தது. தலைவருக்குப் பக்கத்தில் செயலர் உலகளந்தார் நின்றிருந்தார். ஆணைகளை எழுதுவது அவர்தான். அவற்றைப் படித்துப் பார்த்து வியப்பதும் அவர்தான்.

"நேற்று எத்தனை முறை மணி அடித்தீர்?" என்றார் தலைவர்.

"பதினோரு தடவைங்க. பதினோரு இடத்துல அழிஞ்சிருந்துச்சு."

"ஆக, பதினோரு முறை வளர்ச்சியைத் தடுத்திருக்கிறீர்."

"நான் எங்கங்க தடுத்தேன்? அழிஞ்சதை அழிஞ்சதுன்னு சொன்னேன்."

"அதற்குத்தான் தேசத் துரோகம் என்று பெயர்," என்று விளக்கினார் செயலர்.

மணியின் நாக்கைக் கழற்றினார்கள். மணியை மட்டும் பாரம்பரியச் சின்னமாகத் தொங்கவிட்டு மாலை போட்டார்கள். அதற்குத் தினமும் பூ மாற்றும் பொறுப்பு சடையாண்டிக்குக் கிடைத்தது. பெரிய மனசு!

அடுத்த ஆணை: ஒரே புத்தகத்தை ஒரே நேரத்தில் நூறு இடங்களில் தொடங்கிப் படி எடுக்க வேண்டும். நூறு எழுத்தர்கள் பாய்ந்தார்கள். மூன்றே நாளில் மை தீர்ந்தது. தண்ணீர் கலந்து எழுதச் சொன்னார்கள். ஒருவர் முழங்கை இன்னொருவர் விலாவில் இடித்தது. ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் தாள்கள் கிழிந்தன.

அதற்கும் ஓர் ஆணை வந்தது. அழிந்த இடத்தில் நிற்கக்கூடாது. மனதில் தோன்றியதை எழுதிவிட்டு மேலே போக வேண்டும். அப்படிப் போகிறவருக்குத் 'துணிச்சல் எழுத்தர்' என்ற பட்டமும் பதக்கமும் உண்டு. மதகு மூடும் பக்கம் அழிந்திருந்த இடத்தில், ஓர் எழுத்தர் அன்று காலை தான் குடித்த கம்பங்கூழைப் பற்றி எழுதினார். நன்றாகவே எழுதியிருந்தார். முதல் பதக்கம் அவருக்குத்தான்.

அந்தப் படியிலிருந்து புது விரைவூர் பிறந்தது. பிறகு புதுப் புது விரைவூர். ஆற்றங்கரை நெடுக விரைவூர்களாக முளைத்தன. எல்லா ஊரிலும் கூழைப் பற்றித் தெரிந்திருந்தது. மதகை மூட வேண்டும் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஒப்பாளர்கள் மனு கொடுத்தார்கள். உலகளந்தார் ஒரு நாள் முழுக்க யோசித்து, தன் வாழ்நாளின் மிகச் சிறந்த ஆணையை எழுதினார்: "விரைவூரில் பிழையே இல்லை." பிழை இல்லாத ஊருக்கு ஒப்பாளர் எதற்கு? அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கூடத்தின் மூலையில் புளியங்கொட்டைப் பசைச் சட்டியோடு உட்கார்ந்திருந்த அங்கம்மாளை மட்டும் யாரும் அனுப்பவில்லை. அவள் அங்கே இருப்பது யார் கண்ணிலும் படவில்லை, அவ்வளவுதான். காலை முதல் மாலை வரை கிழிசல்கள் வந்து குவிந்தன. ஒட்டினாள், ஒட்டினாள், விரல் தோல் உரியும் வரை ஒட்டினாள். கூழ்ப் பக்கம் அவள் கைக்கும் வந்தது. ஒட்டத்தான் அவளுக்கு அனுமதி, எழுத இல்லை.

அங்கம்மாளின் மகள் செங்கமலம் ஆற்றின் கடைசி ஊரான கடைமடையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளிடமிருந்து கடிதம் வந்தது. "அம்மா, ஆத்துல தண்ணி வந்து நாப்பது நாளாச்சு. மணலைத் தோண்டி ஊறுற தண்ணியைத்தான் பாப்பாவுக்குக் குடுக்குறேன். அதுவும் உப்புக் கரிக்குது. நீ அங்கதானே இருக்க, அந்த மதகை மூடச் சொல்லேன்."

படித்துவிட்டு அங்கம்மாள் அழுதாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு செயலரிடம் போனாள்.

"ஐயா, மதகு மூடுற பக்கத்துல கூழைப் பத்தி எழுதியிருக்கு. மூணே நாள் எழுத்தை நிறுத்துங்க. நம்ம இரட்டைப் புத்தகத்துலயும் அந்தப் பக்கம் கிழிஞ்சுபோச்சு, அதே சட்டம் இருக்குற கடைமடைப் புத்தகத்தைக் கொண்டாந்து பார்த்து எழுதிரலாம். என் பேத்தி தண்ணி இல்லாமக் கெடக்குங்க."

"விரைவூரில் பிழையே இல்லை, அம்மா."

"அப்ப நான் தினமும் எதை ஒட்டுறேன்?"

உலகளந்தார் முதல் முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். "நீ யார்?"

"பசைக்காரிங்க. இருவது வருசமா இங்கதான் இருக்கேன்."

"கிழிசலே இல்லாத ஊரில் பசைக்காரி எப்படி இருக்க முடியும்?"

"இருக்க முடியாதுன்னா, பத்து நாள் லீவாவது குடுங்க. மகளைப் பார்த்துட்டு வரேன்."

லீவை மறுக்கக் காரணம் எழுத வேண்டும். 'வேலை இருக்கிறது' என்று எழுதினால், என்ன வேலை என்ற கேள்வி வரும். ஒட்டும் வேலை என்றால் கிழிசல் உண்டென்று ஆகும். கிழிசல் உண்டென்றால் அது துரோகம். எழுதியவர் கையெழுத்தும் அடியில் இருக்கும். செயலருக்கு வியர்த்தது. தலைவரிடம் ஓடினார்.

"கொடுத்துத் தொலையும்," என்றார் பெருக்கநாதர். "கடைமடையின் பசைக்காரி கல்யாணத்துக்குப் போய்ப் பதினைந்து நாள் வரவில்லையாம். அந்த ஊர் என்ன இடிந்தா விழுந்தது?"

அது உண்மைதான். கடைமடையில் மணிக்கு நாக்கு இருந்தது, ஒப்பாளர்கள் இருந்தார்கள். ஒரு பசைக்காரி இல்லாவிட்டாலும் அந்த ஊர் சமாளித்துக்கொள்ளும். விரைவூருக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு பசைச் சட்டி மட்டுமே. இதை எடுத்துச் சொல்லும் வேலையில் இருந்தவர்கள் எல்லாம் ஏற்கெனவே வீட்டில் இருந்தார்கள்.

அங்கம்மாள் கிளம்பிய முதல் நாள் முந்நூறு கிழிசல் விழுந்தது. எழுத்து நிற்கவில்லை. நான்காம் நாள் கூடத்தில் தாள்கள் பறந்தன. துணிச்சல் எழுத்தர்கள் கையில் சிக்கிய துண்டையெல்லாம் படி எடுத்தார்கள். ஏழாம் நாள் தலைவர் தன் வீட்டுக்கு வழி கேட்டார். தெருக்கள் எழுதியிருந்த பக்கம் கிடைக்கவில்லை. சடையாண்டி மாலையைப் பிய்த்துப் போட்டுவிட்டு மணியின் நாக்கைத் தேடி ஓடினார். அதைப் பதக்கம் செய்ய உருக்கிவிட்டார்கள் என்று தெரிந்ததும், தலையில் அடித்துக்கொண்டு ஊரைவிட்டே போனார். ஒன்பதாம் நாள் விரைவூர்களில் யாருக்கும் எந்த வேலையும் தெரியவில்லை. சனம் மூட்டை கட்டியது. காவல் இல்லாத மதகுகளை அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களே போய் மூடினார்கள்.

பத்தாம் நாள் கடைமடைக்குத் தண்ணீர் வந்தது. ஊரே ஆற்றில் இறங்கியது. பேத்தி இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குடிப்பதைப் பார்த்து அங்கம்மாளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அன்று பிற்பகல் கரையோரம் தள்ளாடியபடி ஒருவர் வந்தார். தோளில் ஒரு சின்ன மூட்டை, அதற்குள் அங்கம்மாள் ஒட்டிய சில தாள்கள். உலகளந்தார்தான். கடைமடைக்காரர்கள் இரக்கமுள்ளவர்கள். உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். அவர் சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போது எழுத்துக் கூடத்திலிருந்து மணி அடித்தது. எங்கோ ஒரு பக்கம் அழிந்திருந்தது; எழுத்தர்கள் பேனாவைக் கீழே வைத்தார்கள்.

உலகளந்தார் கையை நக்கிக்கொண்டே சுற்றிலும் பார்த்தார். "எவ்வளவு அருமையான ஊர்! ஆனால் இப்படி நின்று நின்று போகிறதே. பார்க்கவே பாவமாக இருக்கிறது."

அங்கம்மாள் சிரித்தாள். எல்லாரும் சிரிப்பார்கள் என்றுதான் நினைத்தாள். நான்கு பேர் தலையாட்டினார்கள். முதலில் ஆட்டியது அவள் மருமகன் வீரணன்.

"அவர் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்குல்ல, அத்தை?" என்றான். அவன் கையில் ஆற்றுத் தண்ணீரின் ஈரம்கூட இன்னும் காயவில்லை.