டாங்கியின் பலவீனங்கள்

ஆயுத பூஜைக்குப் பொரி வாங்கப் போன இடத்தில், பெற்ற அப்பாவைத் தேசத்துரோகி ஆக்கிவிட்டு வந்தவள் நான். இதை ஒப்புக்கொள்ள இப்போது வெட்கம் ஒன்றுமில்லை. நான் சொல்லாவிட்டால் அம்மா சொல்லிவிடுவாள், அதுவும் கை கால் நடிப்போடு.

அப்போது எனக்குப் பதினோரு வயது. ஆவடியில் குவார்ட்டர்ஸ் வீடு. அப்பாவுக்கு டாங்கி செய்யும் ஃபாக்டரியில் பெயின்ட் பிரிவில் வேலை. ஃபாக்டரி விஷயத்தை வீட்டில் பேசக் கூடாது என்ற விதியை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர் அவர். "இன்னிக்கு என்னப்பா பண்ணீங்க?" என்று கேட்டால் "வேலை" என்பார். அவ்வளவுதான். (பச்சை பெயின்ட் அடிக்கிறதில் என்ன ராணுவ ரகசியம் என்று அம்மா கேட்பாள். அதற்கும் பதில் வராது.)

அந்தக் கோடை லீவில் மாமா ஒரு டிவி கேம் வாங்கித் தந்தார். அதன் கேசட்டில் ஒரு டாங்கி ஆட்டம் இருந்தது. செங்கல் சுவர்களுக்கு நடுவே நம் டாங்கியை ஓட்டி எதிரி டாங்கிகளைச் சுட வேண்டும். மொத்தம் முப்பத்தைந்து ஸ்டேஜ். பத்தாவது ஸ்டேஜில் வலது மூலைச் சுவரை ஒட்டி டாங்கியை நிறுத்தி, இரண்டு பட்டன்களையும் ஒன்றாக அழுத்தினால் டாங்கி பாதி சுவருக்குள் போய்விடும். எதிரி எத்தனை முறை சுட்டாலும் குண்டு படாது. ஆனால் வெளியேயும் வர முடியாது.

இதற்கு விளக்கம் கண்டுபிடித்தவன் பக்கத்து பிளாக் ரமேஷ். என் வகுப்புதான். அவன் அம்மா வீட்டுப் பக்கம் எல்லோரும் வியாசர்பாடி. தூணில் சாய்ந்துகொண்டுதான் பேசுவான்.

"த பாரு, இந்த கேமு நம்ம பேக்டரில செஞ்சது. பட்டாளத்துக்காரனுக்கு ட்ரைனிங் குடுக்க. செவுத்துல பூர்றது நெஜ டாங்கிலயும் கீது. உங்கப்பா சொல்ல மாட்டாரு. சொன்னா வேல பூடும்."

அப்பா எதையும் சொல்லாததே இதற்குப் போதுமான ஆதாரமாக எனக்குப் பட்டது. இருந்தாலும் ஒரு நாள் அவர் பேப்பரில் மூழ்கியிருந்தபோது, "அப்பா, நெஜ டாங்கியும் செவுத்துக்குள்ள மாட்டிக்குமா?" என்று கேட்டேன். "ம்" என்றார். அன்றே ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, அட்டையில் 'டாங்கியின் பலவீனங்கள்' என்று எழுதினேன். உள்ளே ஸ்டேஜ் வாரியாக வரைபடம். எதிரி வரும் வழிக்குச் சிவப்பு அம்புக்குறி. முதல் பக்கத்தில், அடிக்கோடிட்டு: 'அப்பாவைக் கேட்டேன். ஒப்புக்கொண்டார்.' (அப்பாவின் பெயரும் பிரிவும் கீழே தெளிவாக இருந்தன. கையெழுத்து விஷயத்தில் நான் எப்போதுமே ஒழுங்கு.)

ஆயுத பூஜை அன்று குடும்பத்தோடு ஃபாக்டரிக்குள் விடுவார்கள். உள்ளே ஒரு நிஜ டாங்கி பட்டை பட்டையாகச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சாமந்தி மாலையோடு கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் மட்டும் நோட்டும் பென்சிலுமாக அதைச் சுற்றிச் சுற்றி வந்து அந்த இரண்டு பட்டன்களைத் தேடினேன். கிடைக்கவில்லை. 'பட்டன்கள் உள்ளே இருக்கலாம்' என்று குறித்துக்கொண்டேன்.

திரும்பும்போது கேட்டில் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். பொரி, சுண்டல், அவற்றுக்கு நடுவே என் நோட்டு.

காவலர் முதல் பக்கத்தைப் படித்தார். அப்பாவைப் பார்த்தார். மறுபடி படித்தார். பிறகு உள்ளே போய்ப் பாதுகாப்பு அதிகாரி துரைப்பாண்டியை அழைத்து வந்தார். பட்டாளத்தில் இருந்து வந்தவர், மதுரைக்காரர், மீசையே பாதி விசாரணையை முடித்துவிடும்.

"என்னாத்தா இது?"

"டாங்கியோட பலவீனம் சார்" என்றேன் பணிவாக.

"யாரு சொன்னா?"

நான் அப்பாவைக் கைகாட்டினேன்.

அப்பா வியர்வையில் நனைந்துவிட்டார். அப்புறம் ஒருவழியாக, "சார், அது வீடியோ கேமு சார்" என்றார்.

"அப்பிடியா? ஞாயித்துக்கெழம வாரேன். போட்டுக் காமிங்க" என்று நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று வீட்டில் யாரும் பொரியைத் தொடவில்லை. "வேலை போனா குவார்ட்டர்ஸும் போயிடும்டி" என்று அம்மா அழுதாள். எனக்கு அடி விழவில்லை. அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

ஞாயிறு பத்து மணிக்குத் துரைப்பாண்டி வந்தார். பத்தாவது ஸ்டேஜ் போட்டேன். இரண்டு பட்டன்களையும் அழுத்தினேன். டாங்கி சுவருக்குள் போகவில்லை. மறுபடி அழுத்தினேன். அது சமர்த்தாக வெளியிலேயே நின்றது. அப்பா, "எம்பொண்ணு பொய் சொல்ல மாட்டா சார், இன்னொரு தரம் பாருங்க" என்றார்.

ஆறாவது முறை டாங்கி சுவருக்குள் புகுந்தது. "பூந்துருச்சு!" என்று துரைப்பாண்டி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். பிறகு கையை நீட்டி, "அதக் குடு" என்றார்.

மதியச் சாப்பாடு வரை விளையாடினார். கிளம்பும்போது மீசையைத் தடவிக்கொண்டு, "முப்பத்தஞ்சு ஸ்டேஜும் பாக்கணும்யா. முழுசா விசாரிக்காம எப்பிடி முடிக்கிறது?" என்றார்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் விசாரணை. அம்மா வெங்காய பஜ்ஜி போட்டாள். அவருக்கு விரல் வேகம் போதாது, நான்காவது ஸ்டேஜிலேயே செத்துப்போவார். அதனால் இரண்டாவது ஆளாக நானும் ஆட வேண்டியிருந்தது. டிவி பக்கம் போனாலே முறைக்கிற அப்பா, வாரநாட்களில் என் கணக்கு நோட்டைப் பிடுங்கி வைத்துவிட்டு, "ஹோம்வொர்க் காலைல பாத்துக்கலாம். இருபத்தெட்டாவது ஸ்டேஜ்ல அந்த எடது பக்கத்த கவனி" என்பார். அரைப் பரீட்சையில் கணக்கில் பெயிலானேன். அப்பா ரிப்போர்ட் கார்டில் மூச்சுவிடாமல் கையெழுத்துப் போட்டார்.

பதினாலாவது ஞாயிறு முப்பத்தைந்தாவது ஸ்டேஜை முடித்தோம். கடைசியில் ரகசிய அறை திறக்கும், ராணுவ முத்திரை வரும் என்று ரமேஷ் அடித்துச் சொல்லியிருந்தான். திரை ஒரு நொடி இருண்டது. பிறகு முதல் ஸ்டேஜ் வந்தது.

"மொதல்ல இருந்தா?" என்றார் துரைப்பாண்டி, உற்சாகமாக.

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "சார்... அந்த ஃபைல்?"

"எந்த ஃபைலு?"

"எம்மேல இருக்கிறது சார். விசாரணை..."

"அடப் பாவி மனுசா! அது மொத ஞாயித்துக்கெழம சாயங்காலமே கிழிச்சுப் போட்டேனே. வீட்ல என் சம்சாரம் இந்த வயசுல இதெல்லாம் ஆகாதுங்குறா. அதான்யா இங்கிட்டு வாரேன்."

அம்மா பஜ்ஜித் தட்டோடு வாசற்படியிலேயே நின்றாள். அப்பா பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அழுதாரா, சிரித்தாரா, இன்றுவரை தெரியாது. வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தார். மூன்று மாதத்துக்கும் மேலாக அந்த மனிதர் ஒவ்வொரு நாளும் வேலை போய்விடும் என்று பயந்துகொண்டே பச்சை பெயின்ட் அடித்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு என்னவோ செய்யும்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் விளையாட்டு என்ற சொல்லே வழக்கொழிந்துவிட்டது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை மூலையில் உட்கார்ந்து போனில் கேம் ஆடுவதைப் பார்த்த அம்மா, "மாப்பிள்ளை விசாரணையில இருக்கார், காபிய அப்புறம் குடு" என்று சொல்ல, சம்பந்தி வீட்டார் பதறி, அவர் மேல் ஏதாவது கேஸ் இருக்கிறதா என்று தங்களுக்குள்ளேயே கேட்டுக்கொண்டார்கள்.

இப்போது அப்பா ஓய்வு பெற்று எங்களோடு கள்ளிக்குப்பத்து ஃபிளாட்டில் இருக்கிறார். போன வாரம் சாப்பிடக் கூப்பிட்டேன். மூன்று முறை கூப்பிட்டும் வரவில்லை. எட்டிப் பார்த்தால், என் மகளின் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடி நழுவ, எதையோ சுட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, சாப்பாடு ஆறுது."

தலையைத் தூக்காமலே சொன்னார்: "வேலை."