சேவமார்க்கின் பின்சீட்டு

பிரான்ஸ் தேசத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே இதுவரை ஒரே ஒரு தூதர்தான் இருந்திருக்கிறார். இரண்டு சர்க்காருக்கும் அந்த விஷயம் தெரியாது. தறிப்பட்டறைகளில் ஃபிட்டராக இருந்த அவரை ஊரே 'சேவமார்க்' என்றுதான் கூப்பிட்டது. ரேஷன் கார்டில் வேறு பெயர் இருந்திருக்கலாம், நான் பார்த்ததில்லை.

பெயருக்குக் காரணம் ஒரு சைக்கிள். எண்பதுகளின் தொடக்கம். ஏற்காட்டில் ஏதோ ஒரு காப்பித் தோட்டத்துக் கொட்டகையில் கோழிகள் அடைந்துகொண்டிருந்த பிரெஞ்சு சைக்கிளைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கி, லாரியில் போட்டுக்கொண்டு வந்தார். ஹேண்டில்பாருக்குக் கீழே பித்தளையில் ஒரு சேவல் கொண்டையைச் சிலுப்பிக்கொண்டு நின்றது. அதன் காலடியில் என்னவோ எழுத்து. படிக்க ஊரில் ஆளில்லாததால் அந்தக் கம்பெனிக்கு 'சேவமார்க்' என்று அவரே பெயர் வைத்தார். ஊர் அதைப் பிடுங்கி அவருக்கு வைத்துவிட்டது.

அதில் இன்னொரு விசேஷம். முன்னால் ஒரு சீட், பின்னால் ஒரு சீட். ஆளுக்கொரு ஹேண்டில்பார், ஆளுக்கொரு ஜோடி பெடல். இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கிற சைக்கிள்.

கம்பெனியின் சரித்திரம் அவருக்கு மனப்பாடம். ஆனால் மனப்பாடம் வாரத்துக்கு வாரம் மாறும். ஒரு வாரம் அதை ஆரம்பித்தவர்கள் அண்ணன் தம்பி. மறு வாரம் மாமன் மச்சான். தீபாவளி சமயத்தில் புருஷன் பெண்டாட்டி. யாராக இருந்தாலும் முடிவு ஒன்றுதான். பின்சீட்டுக்காரர் ஒருநாள் இறங்கிப் போய்விட்டார், கம்பெனி படுத்துவிட்டது.

"படுத்தத நான் எழுப்பறேன் பாரு சாமி" என்றார் என்னிடம்.

எழுப்பினார். பிரெஞ்சு அளவுக்கு டயர் சேலத்திலும் இல்லை, ஈரோட்டிலும் இல்லை என்பதால் சக்கரத்தையே மாற்றினார். செயின் உள்ளூர் செயின்களை வெட்டி ஒட்டியது. பேரிங் ஏதோ தறியுடையது. பெயிண்ட், போர்வெல் போடுகிற ரிக் வண்டிக்கு அடித்ததில் மிஞ்சியது. எல்லாம் முடிந்தபோது பிரான்ஸ் என்று சொல்லிக்கொள்ளக் குழாய்களும் சேவலும்தான் மீதி.

சைக்கிள் எழுந்துவிட்டது. பின்சீட்டுக்கு ஆள் வேண்டுமே? தெருவில் எல்லோரும் ஒரு தடவை ஏறினார்கள், ஒரு தடவைதான் ஏறினார்கள். பக்கத்துப் போர்ஷனில் கல்யாணமாகாமல், நூல் கடையில் வேலை பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்த நான் அகப்பட்டேன்.

அந்தப் பின்சீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பின் ஹேண்டில்பார் திரும்பாது, பிடித்துக்கொள்ள மட்டும். பிரேக் கிடையாது. நான் மிதிப்பதை நிறுத்தினாலும் பெடல் என் காலை இழுத்துக்கொண்டு சுற்றும். முன்னால் தெரிவது அவர் முதுகு. என்ன வருகிறது என்பதை ஹாரன் சத்தத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். லாரி என்று தோன்றினால் திரும்பாத ஹேண்டில்பாரைத் திருப்புவேன், இல்லாத பிரேக்கைப் பிடிப்பேன், கண்ணை மூடி மலைமேல் இருக்கும் அர்த்தநாரீஸ்வரரிடம் முறையிடுவேன். பெண்டாட்டிக்குப் பாதி உடம்பையே கொடுத்தவர், எனக்குப் பாதி பிரேக்காவது வாங்கித் தரக் கூடாதா?

"ஏனுங்ணா, பின்னால ஒரு பிரேக் வெச்சா என்னங்ணா?" என்று அலறினேன்.

முதுகு குலுங்கியது. சிரிக்கிறார்.

அந்தக் காலத்தில் சைக்கிளில் இருவர் போனால் டபுள்ஸ் கேஸ். பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு கான்ஸ்டபிள் மறித்தார். ஜாமீனுக்கு யாரைப் பிடிப்பது என்று நான் மனசுக்குள் ஆள் தேட ஆரம்பித்தேன். சேவமார்க் அசரவில்லை. "டபுள்ஸுங்கறது ஒத்தச் சீட்டுல ரெண்டு பேருங்க. இது ரெட்டச் சீட்டு. ஒருத்தன் மட்டும் போனாத்தானுங்க இதுல குத்தம்" என்றார். கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு எங்களை அனுப்பினார்.

மறுநாள் சேவமார்க் தனியாக வந்தபோது அதே கான்ஸ்டபிள் மறித்து, "இன்னொருத்தர் எங்கய்யா?" என்று கேட்டாராம். இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஏன் என்று அடுத்த ஞாயிறு தெரிந்தது. பள்ளிபாளையம் போக வேண்டும், ஏறு சாமி என்றார். வழியில்தான் விஷயத்தைச் சொன்னார். சம்சாரம் சரசக்கா கோபித்துக்கொண்டு அங்கே அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பல வருஷமாகிறது. கூட்டிவரத்தான் சைக்கிளை எழுப்பினாராம்.

"அக்கா பின்னால உக்காந்தா நான் எப்படிங்ணா திரும்பி வர்றது?"

"நீ பஸ்ல வந்துரு சாமி."

பள்ளிபாளையத்தை நெருங்க நெருங்க ரோடு ஆற்றுப் பக்கமாக இறங்கியது. இறக்கத்தில் நான் போட்ட கூச்சலுக்கு வழியெல்லாம் நாய்கள் பதில் சொல்லின.

சரசக்கா வாசலுக்கு வந்தார். சைக்கிளைச் சுற்றிவந்து பார்த்தார். சேவலைத் தொட்டுப் பார்த்தார். பின்சீட்டில் கையை வைத்தார். எனக்கு பஸ் காசு இருக்கிறதா என்று சட்டைப் பையைத் தடவிக்கொண்டேன்.

"பின்னால பிரேக்கு எங்கீங்க?"

வழியெல்லாம் நான் கேட்ட கேள்வி. சேவமார்க் பெருமையாகவே சொன்னார்: "பின்னால எதுக்கு? திருப்பறது, நிறுத்தறது எல்லாம் நான் பாத்துக்குவேன். நீ மிதிச்சாப் போதும்."

"அந்த மாதிரி சைக்கிள்லதானுங்க உங்ககூட அத்தன வருசமும் உக்காந்துட்டு வந்தேன்" என்றார் சரசக்கா. குரல் உயரவில்லை. "காப்பி வெக்கறேன். ரெண்டு பேரும் குடிச்சுட்டுப் போங்க."

திரும்பும் வழியில் அவர் குனிந்து மிதித்துக்கொண்டே வந்தார். நான் அலறவில்லை. ஏற்றம் என்பதால் மட்டுமல்ல.

அந்த வாரம் முழுக்க அவர் வீட்டில் அரம் தேய்க்கிற சத்தம். பின் ஹேண்டில்பாரில் ஒரு பிரேக் பிடி முளைத்தது. அதிலிருந்து நீளமாக ஒரு கேபிள். ஞாயிறன்று என்னைக் கூப்பிடாமல் தனியாகக் கிளம்பினார். பின்சீட்டில் யாருமில்லை, பின் பெடல்கள் மட்டும் தானாகச் சுற்றிக்கொண்டு போயின. சாயந்திரமும் அப்படியே திரும்பி வந்தன.

"அக்கா பாத்தாங்களாங்ணா?"

"பாத்துச்சு. நல்லா வெச்சிருக்கீங்கன்னு சொல்லுச்சு."

"அப்பறம்?"

"காப்பி குடுத்துச்சு."

அப்புறம் ஞாயிறுதோறும் போனார். பின் பெடல்கள் தனியாகச் சுற்றுவதைப் பார்க்கச் சகிக்காமல், பள்ளிபாளையம் தவிர மற்ற இடங்களுக்கெல்லாம் நானே ஏறிக்கொள்வேன். அவர் லாரிகளுக்கு நடுவே புகுவார். நான் தெரிந்த சாமிகளை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். பிரேக் என் விரலுக்கு அருகிலேயே இருந்தது. ஒருநாளும் பிடித்ததில்லை. அது சரசக்காவுக்கு வைத்தது.