ஜோடியைப் பிரித்த மருமகள்

“பிரிச்சாச்சு சார். ஆண் தனி, பெண் தனி. இனிமே ரெண்டும் ஒண்ணு சேராது.”

மடித்த துணிகளோடு மருமகளின் அறையைக் கடந்த மாமியாருக்குக் கால் அப்படியே நின்றுவிட்டது. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே மருமகள், காதில் ஹெட்போனுடன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

“பிரிஞ்ச பதினஞ்சே நாள்ல பெண் வாடிப் போயிடறா சார். ஆணுக்கு ஒண்ணும் ஆகல. அவன் பாட்டுக்கு ஜம்முனு இருக்கான்.”

மாமியார் ஓசைப்படாமல் அடுக்களைக்குத் திரும்பினாள். மருமகள் ஏதோ ஆராய்ச்சி செய்கிறாள் என்பது தெரியும். என்ன ஆராய்ச்சி என்று மகன் விளக்கத் தொடங்கிய அன்று அடுப்பில் பால் பொங்கிவிட்டதால் முழுசாகக் கேட்கவில்லை.

மத்தியானம் பரிமாறும்போது மெல்லத் தூண்டில் போட்டாள்.

“ஏம்மா, பிரிக்காம இருக்க வழியே இல்லையா?”

அத்தைக்குத் தன் வேலையில் இத்தனை அக்கறையா என்று மருமகளுக்கு ஒரே குஷி. “இல்லை அத்தை. ஒட்டிக்கிட்டே இருந்தா எது யாரோடதுன்னே தெரியல. பிரிச்சாதான் எனக்கு டாக்டர் பட்டமே கிடைக்கும்.”

“பட்டத்துக்காகவா?”

“பின்னே? அஞ்சு வருஷமா இதுக்குத்தானே காத்துக்கிட்டிருக்கேன்!”

கல்யாணமாகியே இரண்டு வருஷம்தான். மாமியாருக்குக் கணக்கு உதைத்தது.

சாயங்காலமே மகனைப் பிடித்தாள். “நாளைக்கு லீவு போடுடா. அந்தக் கம்ப்யூட்டரை விட்டு அவளை எழுப்பி எங்கேயாவது கூட்டிட்டுப் போ.”

மகன் சொல் தட்டாத பிள்ளை. மறுநாள் மனைவி குளிக்கப் போன சமயம் பார்த்து, திரைதான் இருட்டாக இருக்கிறதே என்று கம்ப்யூட்டரை அணைத்தான். இரண்டு சினிமா டிக்கெட்டோடு குளியலறை வாசலில் இளித்துக்கொண்டு நின்றான்.

நாலு நாளாக உள்ளே ஓடிக்கொண்டிருந்த மிச்ச வேலை அதோடு போயிற்று.

“இந்த வீட்டுல இருந்தா எனக்கு ஆகாது! வேலை முடியற வரைக்கும் நான் ஹாஸ்டல்லயே தங்கிக்கறேன்!” மருமகள் பெட்டியை இழுத்துத் துணிகளைத் திணிக்க ஆரம்பித்தாள்.

பெட்டியைக் கண்டதும் மாமியார் போனை எடுத்தாள். “சம்பந்தி, எங்கே இருந்தாலும் ரெண்டு பேரும் உடனே கிளம்பி வாங்க. பிள்ளைங்க பிரியப்போறாங்க. பெரியவங்க நாமதான் புத்தி சொல்லணும்.”

அரை மணியில் மருமகளின் அப்பாவும் அம்மாவும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தார்.

“முப்பது வருஷமா நாங்க போடாத சண்டையாம்மா? அதுக்காகப் பிரிஞ்சுடறதா? இதோ பாரு!” என்று மனைவியின் கையைப் பிடித்துக் காட்டினார்.

“நானும் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கணும்,” என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“யாருப்பா பிரியறது?”

“நீதானேம்மா உங்க சார்கிட்ட சொன்னே! ஆண் தனி, பெண் தனின்னு!” என்றாள் மாமியார்.

மருமகள் ஒரு நிமிஷம் விழித்தாள். பிறகு கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

“ஐயோ அத்தை, அது புழு! மனுஷங்க ரத்தக்குழாய்க்குள்ள குடியிருக்கிற புழு. ஆணோட உடம்பு மடிப்புக்குள்ள பெண் புகுந்துக்கும், ஆயுசுக்கும் அப்படியேதான். பிரிச்சுட்டா, நோயைக் கொண்டு வர்ற முட்டையைப் பெண் போடாது. அது ஏன்னு தெரிஞ்சா நோயையே நிறுத்தலாம். எனக்கு வந்த டேட்டால ரெண்டோட மரபணுத் தகவலும் கலந்து கிடந்துச்சு. அதைத்தான் கம்ப்யூட்டர்ல பிரிச்சேன்!”

மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மாமியார் வெட்கத்தில் முகத்தைப் பொத்திக்கொண்டு, விரலிடுக்கு வழியாகச் சிரித்தாள். போன வேலையைத் திரும்ப ஓட்டும்வரை கம்ப்யூட்டருக்கு இரவும் பகலும் காவல் இருப்பதாக மகன் சத்தியம் செய்தான். பெட்டி காலியாயிற்று.

சம்பந்திகள் மட்டும் சிரிக்கவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிடித்த கையையும் விடவில்லை.

கடைசியில் மருமகளின் அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“அப்ப, விவாகரத்துப் பத்திரத்துல கையெழுத்துப் போட வக்கீல் ஆபீஸ்ல உட்கார்ந்திருந்த நாங்க ரெண்டு பேரும் அதைக் கிழிச்சுப் போட்டுட்டு ஓடி வந்தது, ஒரு புழுவுக்காகவா?”