முன்பக்கம் மட்டுமுள்ள வீரர் மலை

சேசு மரி சூசை துணை

மேற்கு தாம்பரம்
19-8-1999

அன்பும் மரியாதையும் நிறைந்த சின்னப்பன் அண்ணனுக்குத் தங்கை ஹில்டா எழுதிக்கொண்டது. அங்கே உங்கள் சுகத்தை அறிய ஆசை. இங்கே சுகம் என்று பொய் எழுதினால் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்ல வேண்டிவரும் என்பதால் அதை விட்டுவிட்டேன். செங்கல்பட்டு மெஸ் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா? பள்ளிக்கரணையில் நீங்கள் கட்டும் வீட்டுக்கு அஸ்திவாரக் கல் ஏகநாதனிடம் மலிவாகக் கிடைக்குமா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். அவன் பேரைக் கேட்டாலே எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறுகிறது. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் காலனிக்குப் பின்னால் நிற்கிறதே, இது மலையா பாறையா என்று நீங்கள்கூடக் கிண்டல் செய்வீர்களே, அதற்கு இத்தனை வருஷமாகப் பேரே கிடையாது. கார்கில் சண்டையை டிவியில் பார்த்ததிலிருந்து எங்கள் நலச்சங்கத்துக்கு நாட்டுப்பற்று தலைக்கேறி, போரில் சண்டையிட்டவர்களின் நினைவாக அதற்கு 'வீரர் மலை' என்று பேர் வைக்கத் தீர்மானம் போட்டார்கள். சங்கத் தலைவர் சாட்சாத் ஏகநாதன்தான். அப்பா காலத்தில் ஏர் ஓட்டிய குடும்பம், இப்போது மலைக்குப் பின்னால் குவாரி நடத்துகிறான், மலைக்கு முன்னால் மனை விற்கிறான். தீர்மானம் போட்ட மறுவாரமே 'வீரர் மலை வியூ' என்று மனைக்கு போர்டு வந்துவிட்டது. சரி, மலை இருக்கிறது, பேர் இருக்கிறது, வீரருக்கு எங்கே போவது? காலனியில் எல்லோரும் பாங்கு, ரயில்வே, டெலிபோன்ஸ். எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டையில் பட்டாளத்து லாரி ஓட்டிய என் வீட்டுக்காரர் சவுரிமுத்து ஒருத்தர்தான் அகப்பட்டார். ஆளை விடுங்கள் என்றவர், பிறகு ஒரே ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். தன்னோடு பட்டாளத்தில் சேர்ந்து அதே சண்டையில் செத்துப்போன மாரியின் பேரைக் கல்வெட்டில் வெட்ட வேண்டும். மாரி இந்த மலையடிவாரத்துப் பிள்ளை, அண்ணா. அவன் தங்கை எல்லம்மா இன்றைக்கும் ஏகநாதன் குவாரியில் வெயிலில் உட்கார்ந்து ஜல்லி உடைக்கிறாள். அண்ணன் பேரை ஒரு இடத்திலாவது பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

"இன்னா சார், ஒரு பேரு தானே? வெட்டிட்டா போச்சி! நீங்க மேல வந்து கொடியாண்ட நின்னா போதும்" என்றான் ஏகநாதன்.

சுதந்திர தினத்தன்று பழைய உடுப்பைப் போட்டுப் பார்த்தால் வயிற்றில் மூடவில்லை. நான்தான் ஊக்குக் குத்தி அனுப்பினேன். முழங்கால் வலிக்காரர் ஆயிற்றே, நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். நம் கோயில் தேர்கூட அப்படி ஆடியதில்லை. ஒரு வழியாகச் சிறப்பு விருந்தினர் வந்து இறங்கினார். மலையைப் பார்த்தார். தன் வயிற்றைப் பார்த்தார். "இதுல ஏறணுமா?" என்றார். அவ்வளவுதான், விழா அப்படியே கீழே பந்தலுக்கு மாறிவிட்டது. மாலை, சோடா, ரோஜாப்பூ, கேமராக்காரர் எல்லோரும் கீழே, வீரர் மட்டும் மேலே. நாற்காலி தூக்கிய நாலு பேரும் பிரியாணிப் பொட்டலத்துக்கு வரிசையில் நிற்கிறார்கள். "எங்க வீட்டுக்காரர் மேலயே இருக்காருங்க!" என்று ஏகநாதனிடம் கத்தினேன். "இருக்கட்டும்மா, கீழேர்ந்து பார்க்கச் சொல்லோ நல்லா கீது" என்கிறான்! உச்சியிலிருந்து இவர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ கத்த, ஏதோ முழக்கம் போடுகிறார் என்று கீழே எல்லோரும் கை தட்டினார்கள். அப்புறம் கல்வெட்டைத் திறந்தார்கள். சிறப்பு விருந்தினர் பேர், ஏகநாதன் பேர், அவன் அப்பா பேர், பொருளாளர் பேர், மைக் செட் கொடுத்தவர் பேர், எல்லாம் போய்க் கடைசி வரியில் பொடி எழுத்தில் 'மற்றும் நாட்டுக்காகப் போரிட்ட வீரர்கள்'. மற்றும்! சண்டை போட்டவர்கள் மற்றும் ஆகிவிட்டார்கள், மைக் செட்காரர் முன்னால் நிற்கிறார்.

இவர் யாருடைய துணையுமில்லாமல் உட்கார்ந்து உட்கார்ந்தே சரிந்து இறங்கி, பேண்ட் கிழிந்து வீடு வந்து சேர்ந்தார். "ஹில்டா, இந்த மலைக்கு முன்பக்கம் மட்டும்தான் இருக்கு. பின்னால பிரெட்டை வெட்டின மாதிரி வெட்டி எடுத்துட்டான். அதைத்தான் கத்தினேன், கை தட்டுறானுங்க" என்றார். அப்புறம், "மாரி பேரை எந்த வரியில வெட்டியிருக்கான்?" என்று கேட்டார். எந்த வரியிலும் இல்லை என்று நான் சொன்னேன். அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன், அண்ணா. எனக்கும் தாங்கவில்லை.

மறுநாள், வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயிண்டை எடுத்துக்கொண்டு கம்பை ஊன்றி ஏறிவிட்டார். உச்சிப் பாறையில் எலெக்ட்ரிக் டிரெயினில் போகிறவர்களுக்கும் தெரிகிற மாதிரி 'மாரி' என்று எழுதிவிட்டுத்தான் இறங்கினார். எல்லம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் போய்க் காட்டிச் சொன்னேன். அண்ணாந்து பார்த்து, "எங்கண்ணன் பேரா அது? இம்மாம் பெர்சா?" என்று சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு நின்றாள்.

அதற்குள் ஏகநாதன் வீட்டுக்கே வந்துவிட்டான். "இன்னாம்மா, உங்க வூட்டுக்காரர் மலையை நாசம் பண்ணிகினு கீறாரு! கண்டதை எழுதினா மலை இன்னாத்துக்கு ஆவும்?" என்று அவன் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் குவாரியில் வெடி வெடித்து என் அலமாரியில் பாத்திரமெல்லாம் ஆடியது. மலையை யார் நாசம் செய்கிறார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆகவே அண்ணா, அந்தப் பாவியிடம் ஒரு கூழாங்கல்கூட வாங்க வேண்டாம். சப்-கலெக்டர் ஆபீசில் இருபது வருஷமாகப் பேனா பிடிக்கிறீர்கள், தங்கைக்காக ஒரு தரம் பிடியுங்கள். மலையைத்தான் காப்பாற்ற முடியவில்லை, பேர் இருக்கிற அந்த ஒரு பாறையையாவது தொடக் கூடாது என்று ஒரு ஆர்டர் வாங்கி அனுப்புங்கள். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. மாதா உங்களையும் உங்கள் புது வீட்டையும் காக்கட்டும்.

உங்கள் பிரியமுள்ள தங்கை,
ஹில்டா

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்கப் பிந்திவிட்டது. இன்று 20-ஆம் தேதி. காலையில் ஒரு பெரிய வெடி. மத்தியானம் அண்ணி பக்கத்து வீட்டுக்கு போன் செய்தாள். என் பதிலுக்குக் காத்திராமல் நீங்களே ஏகநாதனிடம் பேசி முடித்துவிட்டீர்களாமே, பள்ளிக்கரணையில் ஒரு லோடு அஸ்திவாரக் கல் வந்து இறங்கிவிட்டதாம். கல் உறுதியாக இருக்கிறதாம், நாலைந்தில் மட்டும் சிவப்புப் பெயிண்ட் ஒட்டியிருக்கிறது, பரவாயில்லையா என்று மேஸ்திரி கேட்கிறாராம். ஓடிப் போய் வெளியே பார்த்தேன். உச்சியில் பாறை இல்லை. ஆகவே ஆர்டர் எதுவும் வாங்க வேண்டாம். அந்த நாலைந்து கல்லை மட்டும் மண்ணுக்குள் போட விடாதீர்கள், தனியே எடுத்து வையுங்கள். எல்லம்மா உடைக்கிறதை நிறுத்திவிட்டு மலையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இவருக்கு இன்னும் தெரியாது. விடியும் முன்பே மிலிட்டரி கேன்டீனுக்குப் போனவர், சாயங்காலம் டிரெயினில்தான் வருவார். மூன்று நாளாக ஏதாவது சாக்குச் சொல்லி டிரெயினில் போய்வருகிறார், மலை தெரிகிற பக்கத்து ஜன்னலில்தான் இடம் பிடித்து உட்காருகிறார்.