முப்பத்தேழு நொடித் திருத்தம்

ஒரு காட்டில் இரண்டு நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று மரங்கொத்தி நேரம். கொத்துக்கு ஒரு நொடி, நிற்காமல் எண்ணிக்கொண்டே போகும். இன்னொன்று பொழுது நேரம். பூமி சுற்றுவதில் கொஞ்சம் சோம்பேறி. அதனால் பொழுது நேரத்தில் அவ்வப்போது ஒரு நொடியைச் செருகுவார்கள். செருகிச் செருகி, மரங்கொத்தி முப்பத்தேழு நொடி முந்திவிட்டது.

குளத்தில் ஓர் ஒப்பந்தம். பொழுது நேரப்படி ஆறு மணிவரை மான்கள் தண்ணீர் குடிக்கலாம். அதற்குமேல் புலி வரும். மணியடிக்கும் இயந்திரம் ஓடியதோ மரங்கொத்தி நேரத்தில். ஆகவே மணி முப்பத்தேழு நொடி முன்பே அடித்தது. மான்கள் முணுமுணுத்துக்கொண்டே கரையேறின. ஒன்றும் சாகவில்லை.

நரிக்குப் பொறுக்கவில்லை. அது மேலாளர். துல்லியம் வேண்டும் என்று கூட்டம் போட்டது.

இயந்திரத்துக்கு நிரல் எழுதுவது ஆமை. "செருகின நொடிக்கெல்லாம் பட்டியல் இருக்கு. அதைப் பாத்து, மணி அடிக்க வேண்டிய நேரத்தோட என் நிரலே கூட்டிக்கும். வேற எவனும் கை வைக்காதீங்க" என்றது.

"இதுக்குப் போய் பட்டியலாண்ணே? முப்பத்தேழைக் கூட்டினாப் போச்சு. நானே மணியில கூட்டிடறேன்" என்றது குரங்கு. மணிப் பிரிவு அதன் கையில்.

"ரெண்டு பேரும் கூட்டுங்கய்யா. ஒருத்தர் மறந்தாலும் இன்னொருத்தர் இருப்பார். பாதுகாப்பு!" என்றது நரி.

"எழுபத்திநாலு ஆகிப்போகும்யா! மணி பிந்தி அடிக்கும். மான் செத்துரும்!" என்றது ஆமை.

"கூட்டம் முடிஞ்சுது" என்றது நரி.

ஆமை தன் கூட்டலை எடுத்துவிடப் போனது. எடுக்க ஒரு விண்ணப்பம். அதில் நரியின் கையெழுத்து வேண்டும். நரியோ திருத்திய மணியின் திறப்பு விழா மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்தது. ஆமை விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுக் குளத்துக்கு நகர்ந்தது. போய்ச் சேரும்போது ஆறாக நாலைந்து நொடி இருந்தது.

"ஏய் ஒத்தைக்கொம்பா! மேல ஏறுடா! மணி பிந்தி அடிக்கப் போகுது!"

ஒற்றைக்கொம்பு மான் தலையைக்கூடத் தூக்கவில்லை. "மணி அடிக்கட்டும், வர்றேன். நீங்க என்னைக்கு வேகமா வந்தீங்க மாமா, இன்னைக்கு எங்களை விரட்ட?"

மற்ற மான்கள் சிரித்தன.

புலி பொழுதைப் பார்த்தது. "ஆறு" என்றது. பாய்ந்தது.

முப்பத்தேழு நொடி கழித்து மணி கணீரென்று அடித்தது. மேடையில் கைதட்டல்.

மறுநாள் நரி அறிக்கை எழுதியது: 'இருமுறை சரிபார்க்கப்பட்ட இயந்திரத்தில் குறை இல்லை. பொழுதுதான் முப்பத்தேழு நொடி முன்னதாகச் சாய்ந்துவிட்டது.'

பொழுதுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது. விண்ணப்பத்தைக் கிழித்ததற்காக ஆமைக்கும் ஒன்று.

நீதி: தப்பான மணி உன்னை உயிரோடு வைத்திருந்தால், அதைத் திருத்த வருகிறவனை முதலில் புலிக்குக் கொடு.